எல்லைக்கல்லின் இருபுறமும்: புதுச்சேரி – கோட்டக்குப்பம் வளர்ச்சிப் போட்டியில் தலித் உரிமைகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே செல்லும் சாலையில், ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே மாநிலம் மாறிவிடுகிறது. தெற்கே இருப்பது புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதி. வடக்கே தொடங்குவது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், கோட்டக்குப்பம் நகராட்சி. அதே சாலையில் மேலும் சென்றால் பொம்மையார்பாளையம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அடுத்து வரும் காலாப்பட்டு மீண்டும் புதுச்சேரியில் இருக்கிறது. அதைக் கடந்தால் மீண்டும் தமிழ்நாடு. அங்கிருந்து அச்சாலை மரக்காணத்து உப்பளங்களின் ஓரமாகச் சென்னை நோக்கி நீள்கிறது.

இந்த எல்லைக்கோட்டை வணிகரும் சுற்றுலாப் பயணியும் நாள்தோறும் பொருட்படுத்தாமல் கடக்கிறார்கள். விடுதி கட்டும் முதலாளிக்குக் கோட்டின் எந்தப் பக்கம் நிலம் மலிவு என்பது மட்டுமே கணக்கு. ஆனால் இக்கரையோரத்தில் வாழும் தலித் மக்களுக்கு அக்கோடு வேறொரு பொருளைத் தருகிறது. சாதிச் சான்றிதழ், நிலப் பாதுகாப்பு, உள்ளாட்சி இடஒதுக்கீடு, தொழிலாளர் நலவாரியம் ஆகிய நான்கும் அக்கோட்டில் வந்து நின்றுவிடுகின்றன. வளர்ச்சி எல்லை தாண்டுகிறது. உரிமை எல்லை தாண்டுவதில்லை. புதுச்சேரியும் கோட்டக்குப்பமும் வளர்ச்சியில் போட்டியிடுவதைப் பற்றிப் பேசும்போது, எந்த ஊர் வெல்கிறது என்பதைவிட, இந்த இடைவெளியில் யார் இழக்கிறார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கோடு வந்த வழி

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு இந்தியப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் 18ஆம் நூற்றாண்டின் போர்களுக்கும் உடன்படிக்கைகளுக்கும் பின் விட்டுச்சென்ற சிதறிய எல்லைகளே அப்படியே ஒன்றிய ஆட்சிப்பகுதியின் எல்லைகளாயின. ஆகவேதான் புதுச்சேரி மாவட்டம் ஒரே நிலத்தொகுப்பாக இல்லாமல், தமிழ்நாட்டின் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது.

புதுச்சேரியின் நகர மையத்துக்குக் கிழக்கே கடல். வடக்கே சிறிது தொலைவிலேயே மாநில எல்லை. புல்வார் சாலைகளுக்குள் அடங்கிய பழைய நகரில் மரபுக் கட்டடங்கள் நிறைந்திருப்பதால் விரிவதற்கு இடம் குறைவு. 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லின் பெரும்பகுதி வானூர் வட்டத்தில் அமைந்தது. பின்னர் கிழக்குக் கடற்கரைச் சாலை சென்னையை அருகாக்கியது. இவ்விரண்டும் சேர்ந்து, புதுச்சேரியின் பெயரால் வரும் பயணிகளையும் பணத்தையும் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் கிராமங்களுக்கு இழுத்தன. புதுச்சேரிக்கு வடக்கே சாலையோரத்து விடுதிகளில் பலவற்றின் விளம்பரத்தில் ஊர்ப் பெயர் புதுச்சேரி. வரி கட்டும் உள்ளாட்சி தமிழ்நாட்டுடையது.

எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. மது, எரிபொருள் ஆகியவற்றின் வரி வேறுபாட்டால் தமிழ்நாட்டு நுகர்வோரின் பணம் தெற்கே போகிறது. 2017இல் புதுச்சேரி பொலிவுறு நகரத் திட்டத்துக்குத் தேர்வானது. எல்லைக்கு இப்பால் உள்ள கோட்டக்குப்பம் 2021இல்தான் பேரூராட்சி நிலையிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. ஒரே நகர்ப்புறமாக ஒட்டிக்கிடக்கும் இரண்டு ஊர்களில், ஒன்றுக்குத் தனி அரசும் சட்டமன்றமும் இருக்கின்றன. மற்றொன்று மாவட்டத் தலைநகரிலிருந்தும் மாநிலத் தலைநகரிலிருந்தும் விலகிக் கிடக்கும் ஓர் எல்லையூர். புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அதற்குத் தேவையான நிலம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது என்ற உண்மையும் உடன் எழுகிறது. பெயரும் பயனும் ஓர் அரசுக்கு, நிலமெடுப்பின் சுமை இன்னோர் அரசின் மக்களுக்கு என்பதே இப்போட்டியின் உள்ளமைப்பு.

மன்றம் இல்லாத நகரம்

74ஆம் அரசமைப்புத் திருத்தம் நகராட்சி மன்றங்களில் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடங்களையும் தலைவர் பதவிகளில் ஒதுக்கீட்டையும் உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கோட்டக்குப்பம் தன் முதல் நகராட்சி மன்றத்தைத் தேர்ந்தெடுத்தது. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியதால், பட்டியல் சாதிப் பெண்களுக்கும் மன்றங்களில் இடம் விரிந்தது.

புதுச்சேரியின் நிலை வேறு. அங்கு 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் வழக்குகளில் சிக்கி நடைபெறாமல் போனது. நகர மையத்தை மாற்றியமைக்கும் திட்டங்கள் தீட்டப்பட்ட அந்த ஆண்டுகளில், அந்நகரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. பெரிய அங்காடியை இடித்துக் கட்டுவதா, பழுதுபார்ப்பதா என்று வணிகர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. சங்கம் உள்ள வணிகருக்கே அந்த நிலை என்றால், அதே அங்காடியில் குப்பை அள்ளும் தொழிலாளியின் குரல் எங்கே பதிவாகும்?

சட்டமன்றத்தைப் பார்த்தாலும் இதே படம்தான். புதுச்சேரியின் 30 தொகுதிகளில் ஐந்து பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை: திருபுவனை, ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம், காரைக்கால் பகுதியின் நெடுங்காடு. இவற்றில் ஒன்றுகூட நகர மையத்தில் இல்லை. எல்லைக்கு இப்பால் வானூர் சட்டமன்றத் தொகுதியும் விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதிகள். பிரதிநிதித்துவம் இருக்கும் பக்கத்தில் திட்ட அதிகாரமும் நிதியும் குறைவு; நிதியும் திட்டமும் இருக்கும் பக்கத்தில் உள்ளாட்சிப் பிரதிநிதித்துவமே இல்லை.

நிலம்: ஒரு பக்கம் மட்டும் உள்ள பாதுகாப்பு

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிபந்தனையுடன் நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதையே. முதல் பத்தாண்டுகள் அந்நிலத்தை யாருக்கும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். நிபந்தனை மீறப்பட்டால் அரசு நிலத்தை மீட்டு உரியவருக்கு வழங்கலாம். இந்நில மீட்புக்காகவே 1994 அக்டோபர் 10 அன்று காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

இந்த ஆணை சென்னை மாகாணத்துக்கு உரியது. அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த கிராமங்களுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே கோட்டின் வடபுறத்தில் ஒரு தலித் குடும்பத்தின் நிலம் பஞ்சமி நிலமாக இருக்க வாய்ப்புண்டு. தென்புறத்தில் அதே வரலாறும் அதே வறுமையும் உள்ள குடும்பத்துக்கு அந்தக் கவசம் இல்லை.

கவசம் இருக்கும் பக்கத்திலும் அது துருப்பிடித்துக் கிடக்கிறது. நகரம் நெருங்க நெருங்க நில விலை உயர்கிறது. விலை உயர்ந்தால் பழைய நிபந்தனையை மறைப்பதில் இலாபமும் உயர்கிறது. யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல கிராமங்களில் பஞ்சமி நிலம் என்ற குறிப்பு புதிய பதிவேட்டில் ஏறவில்லை. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் மட்டும் பார்த்தால் நிலம் சாதாரண நிலமாகவே தெரியும். உண்மை அதற்கு முந்தைய அ-பதிவேட்டில் இருக்கும். எனவே இக்கரையோரத்தில் ஒரு மனைப்பிரிவு எழும்போது முதலில் செய்ய வேண்டியது, அந்தப் புல எண்ணின் பழைய பதிவேட்டு நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்பது. பதிவேட்டில் நிபந்தனை இருந்தால், எத்தனை கைமாறியிருந்தாலும் மீட்புக் கோரிக்கைக்கு அடிப்படை இருக்கிறது.

எல்லையின் இருபுறமும் செல்லுபடியாகும் சட்டம் ஒன்றும் உண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினருக்குச் சொந்தமான, அவர்கள் அனுபவத்தில் உள்ள அல்லது அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தை முறைகேடாகப் பிடிப்பதையும், அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதையும் குற்றமாக்குகிறது. 2015 திருத்தத்துக்குப் பின் இவை பிரிவு 3(1)இன் எஃப், ஜி கூறுகளில் உள்ளன. நிலத் தகராறு என்று சொல்லிக் காவல் நிலையம் உரிமையியல் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பும்போது, இக்கூறுகளை எழுத்தில் சுட்டிக்காட்ட வேண்டும்.

2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டமும் கவனத்துக்குரியது. நிலம் இழப்போரை மட்டுமன்றி, அந்நிலத்தை நம்பி மூன்றாண்டுகளாக வாழும் கூலித் தொழிலாளர்களையும் குத்தகையாளர்களையும் அது பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. நிலம் இழக்கும் பட்டியல் சாதியினருக்கு, எடுக்கப்பட்ட அளவு அல்லது இரண்டரை ஏக்கர், இவற்றில் குறைவானதை நிலமாகவே தர வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. மரக்காணத்தில் பாத்தியில் உப்பு வாரும் தொழிலாளிக்கு நிலம் தன் பெயரில் இல்லை. சாலை அகலமானாலும் தொழிற்கூடம் வந்தாலும், அவர் இழப்பீடு கேட்கப் பற்றக்கூடிய கயிறு வாழ்வாதாரம் என்ற அந்த ஒரு சொல்தான்.

சான்றிதழ்: சாதி தொடரும், சலுகை தொடராது

இளைஞர்கள் அதிகம் இடறி விழும் இடம் இது. பட்டியல் சாதி என்ற சட்டநிலை மாநிலவாரியாக வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டுக்கு 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. புதுச்சேரிக்கு 1964ஆம் ஆண்டின் தனி ஆணை. பறையர் என்ற பெயர் இரண்டு பட்டியல்களிலும் இருக்கலாம். ஆயினும் ஒரு மாநிலத்துச் சான்றிதழை மற்றொன்றின் ஒதுக்கீட்டுக்குப் பயன்படுத்த முடியாது என்று மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2018இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. திருமணத்தால் மாநிலம் மாறும் பெண்ணுக்கும் இதுவே விதி: பஞ்சாபில் பிறந்து உத்தராகண்டில் மணமான வால்மீகிப் பெண் ஒருவரின் கோரிக்கை, இரு மாநிலப் பட்டியல்களிலும் அச்சாதி இருந்தும், 2018இல் நிராகரிக்கப்பட்டது.

இதைக் கோட்டக்குப்பத்தில் பொருத்திப் பாருங்கள். எல்லைக்கு இப்பால் பிறந்த பெண் அப்பால் மணமுடிக்கிறாள். நடந்தே போகும் தொலைவு. அவளைச் சேரிக்காரி என்று அடையாளம் காணும் சமூகம் இருபுறமும் ஒன்றே. ஆனால் புதுச்சேரி அரசுப் பணிக்கு அவள் விண்ணப்பிக்கும்போது அவளுடைய தமிழ்நாட்டுச் சான்றிதழ் போதாது என்கிறது அரசு. 1964 ஆணை அப்பகுதியில் வசிப்போர் என்றே சொல்கிறது. வசிப்பு என்பதைப் பூர்வீகம் என்று சுருக்கலாமா என்ற வழக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இவ்வழக்கில் எதிரெதிர் அணிகளில் நின்றவர்கள் இருவருமே தலித் மக்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. பூர்வீகத் தலித்துகளின் அச்சம் நியாயமானது: இருக்கும் சில பணியிடங்களைப் பெரிய அண்டை மாநிலத்தார் எடுத்துக்கொள்வார்களோ என்பது. வந்து வாழும் தலித்துகளின் கேள்வியும் நியாயமானது. இடங்களைப் பெருக்காத அரசு, இருவரையும் மோதவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

மாணவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஜிப்மரும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் மத்திய நிறுவனங்கள். அவற்றின் அகில இந்திய இடங்களுக்கான பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் வானூர் வட்டாட்சியர் தந்த சான்றிதழ் முழுமையாகச் செல்லும். புதுச்சேரிக்கென ஒதுக்கிய இடங்களில் செல்லாது. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையை, படிக்கும் கல்லூரி எங்கிருந்தாலும், நிரந்தரமாக வசிக்கும் மாநிலத்தின் துறையிடமே கோர வேண்டும். புதுச்சேரிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டுப் புதுச்சேரி அலுவலகத்தில் ஆண்டு முழுவதும் அலைந்து, இறுதியில் இரு பக்கமும் தொகையை இழக்கக் கூடாது.

உழைப்பு ஓரிடம், வாரியம் ஓரிடம்

புதுச்சேரியின் கட்டுமானத் தளங்களுக்கும் விடுதிகளுக்கும் எல்லைக்கு இப்பாலிருந்து தொழிலாளர்கள் செல்கிறார்கள். கட்டடச் செலவில் ஒரு விழுக்காடு நலவரியாகப் பிடிக்கப்பட்டு, கட்டடம் எழும் பகுதியின் வாரியத்துக்குச் செல்கிறது. சுவர் எழுப்பிய கைகளுக்கு உரியவர் தமிழ்நாட்டு முகவரியில் வசிப்பதால், புதுச்சேரி வாரியத்தில் பதிவாகாமல் போகலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 18 முதல் 60 வயதுக்குள், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 90 நாள் கட்டுமான வேலை செய்திருந்தால் பதிவுக்குத் தகுதி என்றது 1996ஆம் ஆண்டின் சட்டம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இதே அடிப்படையைக் கொண்டுள்ளது. தகுதியின் அளவுகோல் வேலை, வீடு இல்லை. முகவரியைக் காட்டி மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். எழுத்து வந்தால் வழக்குக்கு வழி பிறக்கும்.

ஊர் வளர்வதால் வரும் மற்றோர் இழப்பும் உண்டு. ஊரக வேலை உறுதித் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது. ஓர் ஊராட்சியை நகராட்சியோடு இணைக்கும் நாளில், அவ்வூர்ப் பெண்களின் அந்த வேலை நின்றுவிடும். தமிழ்நாட்டில் ஊராட்சி இணைப்பு அறிவிப்புகள் வந்தபோது கிராமத்துப் பெண்கள் முதலில் எதிர்த்தது இதனால்தான். கோட்டக்குப்பத்தைப் பெருநகராக்க அண்டை ஊராட்சிகளைச் சேர்க்க வேண்டும் என்று யாரேனும் பேசினால், வேலையிழப்புக்கு ஈடு என்ன என்பதே நம் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நகரைக் காத்த கல், அயலைத் தின்ற கடல்

போட்டியின் விலையை அயலார் கட்டுவதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்று கடற்கரையில் இருக்கிறது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணலை மறித்தன. நகரின் கடற்கரை அரித்தது. நகரைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. மணல் பற்றாக்குறை வடக்கே நகர்ந்து, தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எனத் தமிழ்நாட்டு மீனவ ஊர்களை அரித்தது. துறைமுகம் ஓர் அரசினுடையது; இடிந்த வீடுகள் மற்றோர் அரசின் குடிமக்களுடையவை.

அலையில் வீடிழந்த மீனவருக்கு மாற்றிடம் தேவைப்படும்போது, அது சாலைக்கு மேற்கே தேடப்படுகிறது. விடுதிகளும் அங்கேதான் நிலம் தேடுகின்றன. ஏழைகளின் இரு குடியிருப்புகளை ஒரே துண்டு நிலத்துக்காக மோதவைக்கும் நிலைமை இப்படித்தான் உருவாகிறது. இக்கடற்கரைச் சாலையில் 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்ததை நாம் அறிவோம். சாதிப் பகை கனன்றுகொண்டிருக்கும் ஒரு நிலத்தில், நிலப்பசி தீப்பெட்டியாகும். மீனவர் அமைப்புகளும் தலித் அமைப்புகளும் ஒன்றாக அமர்ந்து நிலக்கணக்கைப் பேசுவது அதனால் அவசரத் தேவை.

கேட்க வேண்டியவை

தில்லியைச் சுற்றிப் பல மாநிலங்களில் பரவிய நகர்ப்புறத்துக்கு 1985இல் நாடாளுமன்றம் தேசியத் தலைநகர் வட்டாரத் திட்ட வாரியச் சட்டத்தை இயற்றியது. புதுச்சேரியும் வானூர் வட்டமும் சேர்ந்த சிறிய நகர்ப்புறத்துக்கு அத்தகைய கூட்டுத் திட்ட அமைப்பு இல்லை. இரு அரசுகளும் உறுப்பினராக உள்ள தென்மண்டலக் குழு இதை எழுப்பத் தகுந்த இடம். அத்தகைய அமைப்பு வந்தாலும், பட்டியல் சாதிப் பிரதிநிதிகளுக்கு அதில் இடம் இல்லையென்றால் அது நிலத்தரகர்களின் மேசையாகவே முடியும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் உடனே நடத்தப்பட வேண்டும். வானூர், மரக்காணம் வட்டங்களின் பழைய பதிவேடுகளில் உள்ள பஞ்சமி நிலப் பட்டியலைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டு, அந்தப் புல எண்களில் பத்திரப்பதிவை நிறுத்த வேண்டும். எல்லை தாண்டி வேலை செய்யும் கட்டுமானத் தொழிலாளர்களை இரு வாரியங்களும் ஏற்றுக்கொள்ள உடன்பாடு வேண்டும். மணத்தால் எல்லை கடக்கும் பட்டியல் சாதிப் பெண்களின் சட்டநிலையை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென 2024இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தின்படி வரும் நிதி, கோட்டக்குப்பம் போன்ற எல்லை நகராட்சிகளின் தலித் குடியிருப்புகளுக்கு எவ்வளவு வந்தது என்று மன்றக் கூட்டத்தில் கணக்குக் கேட்க வேண்டும்.

இவற்றில் பல நீண்டகாலப் போராட்டங்கள். ஆனால் பழைய அ-பதிவேட்டு நகலுக்கான விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய்க் கட்டணமும் ஒரு வெள்ளைத்தாளும் போதும். தன் ஊரின் புல எண்களைத் தெரிந்துவைத்திருக்கும் நான்கு மாணவர்கள் இந்த வாரமே அதைத் தொடங்கலாம்.